நல்ல ஷூவுக்குள் போட்ட மெத்தை

காலையில் எழுந்ததும் முதல் பத்து அடியைத் தியாப் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். இடது காலைத் தரையில் வைத்த மாத்திரத்தில் குதிகாலுக்குள் யாரோ ஆணி வைத்து அடித்தது போல் இருக்கும். “யா ரப்” என்று ஒரு மூச்சு விடுவார். அடுத்த அடிக்கு இன்னொன்று. கைகால் கழுவும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆண்டவனை எட்டுத் தடவை கூப்பிட்டிருப்பார்.

“தொழுகைக்கு முன்னாடியே பாதி திக்ர் ஜெபத்தை முடிச்சிடுறீங்க” என்பாள் ஃபிக்ரிய்யா, போர்வைக்குள்ளிருந்தே. எட்டு என்ற கணக்கும் அவள் எண்ணி வைத்ததுதான். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய பெண்ணுக்குப் புருஷனின் பெருமூச்சு எத்தனை என்று தெரியாமல் இருக்குமா?

தியாபுக்கு ஐம்பத்தாறு வயது. ரம்தா ஊர்க் கடைத்தெருவில் முப்பத்தொரு வருஷமாக ரொட்டி அடுப்பின் வாயில் நிற்கிறவர். இடது காலைப் பின்னே ஊன்றி, நீளமான மரத்துடுப்பை அடுப்புக்குள் விட்டு, உப்பிய ரொட்டியை வாரி எடுத்துப் பலகையில் தட்டுவார். அப்புறம் மறுபடி இடது காலில் ஊன்றல். சிமெண்டுத் தரை, காலில் தேய்ந்து அப்பளமான பிளாஸ்டிக் செருப்பு. அவர் கையால் போன ரொட்டியை வரிசையாகப் பரப்பினால் டமாஸ்கஸ் வரைக்கும் வரும் என்பார்கள் ஊரில். “போயிட்டுத் திரும்பியும் வரும்” என்று அவர் திருத்துவார்.

ஆனால் ஊரில் அவருக்கு இருந்த மரியாதை ரொட்டியால் வந்தது அல்ல. கல்யாண வீட்டில் குழல் ஊதத் தொடங்கியதும் ஆண்கள் கைகோத்துத் தோளோடு தோள் உரசி தப்கே ஆட நிற்பார்கள் அல்லவா, அந்த வரிசையின் தலையில் நிற்பவர் தியாப். தலைமைக்கு அடையாளமாகக் கையில் தஸ்பீஹ் என்னும் ஜெபமணிமாலை சுழலும். அவர் கால் மண்ணில் அறையும்போது முப்பது கால் அறையும். அவர் ஒரு கணம் தாமதித்தால் முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இருபத்தைந்து வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தலைநின்று ஆடியாயிற்று. இப்போது சொந்தப் பிள்ளைக்கு முறை. ஒரே மகன் குஸைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஏழு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்டம்.

இந்த நேரம் பார்த்துத்தான் குதிகால் அவரைக் கைவிட்டது. கைவிட்டதோடு நிற்கவில்லை, வலி குட்டியும் போட்டது. இடது காலைக் காப்பாற்ற வலது பக்கம் சாய்ந்து நின்றதில் வலது முட்டி போயிற்று, முட்டியைக் காப்பாற்றப் போய் இடுப்பு போயிற்று. உப்பு வெந்நீர், ஆலிவ் எண்ணெய், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சூடான செங்கல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. செங்கலில் மட்டும் ஒரு பலன் இருந்தது. கொப்புளம் வந்து இரண்டு நாள் குதிகால் வலி தெரியவில்லை.

முத்லக் கடைக்கு வந்தான். தியாபின் சித்தப்பா மகன், டயர் கடைக்காரன். தப்கே வரிசையில் இருபது வருஷமாக இரண்டாவது ஆளாகவே நிற்கிறவன்.

“கால் வலின்னு கேள்விப்பட்டேன்” என்றான், ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடி. “நீ ஒண்ணும் மனசைப் போட்டு அலட்டிக்காத. தஸ்பீஹை என் கையில குடுத்துட்டு, ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கை தட்டு. குஸை எனக்கும் மகன்தானே.”

“என் கால் என்னைக்கு விழுதோ அன்னைக்கு உன்கிட்ட சொல்லி அனுப்புறேன்டா. இப்போ ரொட்டிக்குக் காசை வச்சிட்டுப் போ.”

அவன் போன பிறகும் தியாப் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்படியில் அவரோடு வேலை செய்யும் எகிப்துக்காரர் பகீத் ஓரக்கண்ணால் பார்த்தார். “மாஸ்டர், ரெண்டு ரொட்டி கருகிப்போச்சு” என்றார். அந்த அடுப்பில் பல வருஷமாக யாரும் கேட்காத வார்த்தை அது.

மறுவாரம் குஸை அப்பாவை வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றிப் பக்கத்து நகரமான இர்பிதுக்குக் கூட்டிப் போனான். அங்கே லுஜைன் என்று ஒரு பெண். காலைப் பார்த்து, நடக்கவைத்துப் பார்த்து, ஷூவுக்குள் வைக்கும் மெத்தை செய்து கொடுப்பது அவள் தொழில். ஒரு அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தாள். உள்ளே பொலபொலவென்று நுரைக்கட்டி.

“மிதிங்க மாமா, அழுத்தி.”

பாதம் உள்ளே அமிழ்ந்தது. “முப்பது வருஷமா மாவுல கைதான் வச்சிருக்கேன் டாக்டரம்மா. கால் வைக்கிறது இதுதான் முதல் தடவை.”

“நான் டாக்டர் இல்ல மாமா. ஆனா மாவு நல்லா பதமா இருக்கு” என்று அவள் அச்சை எடுத்துக் காட்டினாள். “பாருங்க, உங்க பாதத்துக்கு நடுவுல இருக்க வேண்டிய வளைவு படிஞ்சுபோச்சு. அடியில ஓடுற தசைநார் இழுபட்டு, குதிகால்ல போய்க் குத்துது. அந்த வளைவுக்குக் கீழ நான் முட்டுக்கொடுக்கிறேன். முதல் நாள் ரெண்டு மணி நேரம் போடுங்க, அப்புறம் கூட்டிக்கிட்டே போங்க. மெத்தை வேலை செய்யணும்னா அது காலுக்கு அடியில இருக்கணும். சரியா?”

“சரி, சரி” என்று தலையாட்டினார் தியாப். அந்த ‘சரி’யில்தான் வினை இருந்தது.

ஒரு வாரத்தில் மெத்தை வந்தது. ஃபிக்ரிய்யா காகிதத்தைப் பிரித்தாள். ஒட்டக நிறத் தோல், புதுவாசனை, குழிந்த குதிகால் கிண்ணம், நடுவில் அழகான மேடு. தடவிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

“இதையா அந்த மாவுக்குள்ளயும் தண்ணிக்குள்ளயும் போட்டு மிதிக்கப் போறீங்க?”

அவள் கேட்டதில் அந்த வீட்டு நியாயம் இருந்தது. அங்கே நல்லது எதுவும் அன்றாடத்துக்கு இல்லை. வீட்டின் பெரிய அறை விருந்தாளிகளுக்கு. மற்ற நாளில் பூட்டியிருக்கும். சோபாக்கள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, யாரோ தூங்குவது போல் கிடக்கும். தங்க விளிம்பு போட்ட காபிக் கிண்ணங்கள் கண்ணாடி அலமாரியில் இருக்கும். வீட்டு மனிதர்கள் குடிப்பது காது உடைந்த கிளாஸில். குஸை பிறந்து வளர்ந்த வீட்டில் அந்தச் சோபாவில் மொத்தம் நாலு தடவை உட்கார்ந்திருப்பான். அதனால் நல்ல மெத்தை நல்ல ஷூவுக்குள்தானே போக வேண்டும்? அலமாரி மேல் இருந்த கறுப்புத் தோல் ஷூவை இறக்கி, துடைத்து, அதற்குள் வைத்தாள். அது மூக்கு கூர்ந்த ஷூ, வெள்ளிக்கிழமைக்கும் விசேஷத்துக்கும் மட்டும் உள்ளது. தியாபுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை ஷூவை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார், வாசலில் கழற்றினார். பெண் வீட்டுக்குக் கல்யாணப் பேச்சுக்குப் போனார், வாசலில் கழற்றினார். மச்சான் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனார். அங்கேயும் வாசலில் கழற்றினார். மூன்று வாரம் மெத்தை நல்ல ஓய்வில் இருந்தது. குதிகால் அடுப்படியில் பிளாஸ்டிக் செருப்போடு பாடுபட்டது. காலை எட்டு ‘யா ரப்’ ஒன்பதாயிற்று.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது யாருக்கும் தெரியாமல் மொட்டைமாடிக்குப் போய் ஒரு அடி அறைந்து பார்த்தார். அடுத்த அடிக்கு அவசியமில்லை; தண்ணீர்த்தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதே வாரம் முத்லக் அம்மானில் புதுத் தஸ்பீஹ்மாலை வாங்கி வந்ததாகச் செய்தி வந்தது. தேன்நிற மணி, வெள்ளிக் குஞ்சம். ‘சும்மா, கையில வச்சுக்க’ என்று சொன்னானாம்.

தியாப் கறுப்பு ஷூவை ஒரு பையில் போட்டுக்கொண்டு நேரே இர்பிதுக்குப் போனார். சண்டை போடும் உத்தேசத்தோடுதான் போனார்.

“உங்க மெத்தை ஒரு உபயோகமும் இல்லம்மா. ஒன்பதுக்கு வந்திருக்கு.”

“எது ஒன்பது?”

“அது எங்க வீட்டுக் கணக்கு. வலி கூடிப்போச்சுன்னு அர்த்தம்.”

லுஜைன் ஷூவிலிருந்து மெத்தையை உருவித் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு கொஞ்சமும் தேயாமல் புதிதாக இருந்தது.

“மாமா, உங்களுக்கு வலி எப்போ வருது? விருந்தாளி வரும்போதா?”

“என்ன கேள்வி இது? அடுப்புக்கு முன்னாடி நிக்கும்போது.”

“அப்போ கால்ல என்ன இருக்கு?”

“பிளாஸ்டிக் செருப்பு.”

“வீட்டுல?”

“அதோட தம்பி.”

“மெத்தை?”

தியாப் கறுப்பு ஷூவைப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது, அடுப்பு வாயில் நின்றது போல. “நல்ல ஷூவுல… பத்திரமா இருக்கு.”

லுஜைன் அடக்கித்தான் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்து, சண்டைக்கு வந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கம்மாவும் இப்படித்தான்” என்றாள் அவள். “நல்ல தட்டெல்லாம் வரப்போற ஆளுங்களுக்கு. கேளுங்க, இந்த ஷூ ஆகாது. முன்பக்கம் கத்தி மாதிரி இருக்கு. அகலமா, கயிறு கட்டுற ஷூ ரெண்டு ஜோடி வாங்குங்க. ஒண்ணு அடுப்படிக்கு, ஒண்ணு வீட்டுக்குள்ள. மெத்தை இதுலேர்ந்து அதுக்கு மாறிக்கிட்டே இருக்கணும். காலையில படுக்கையை விட்டு இறங்கும்போதே காலுக்கு அடியில இருக்கணும். சாயங்காலம் தண்ணி பாட்டிலை உறையவச்சு, பாதத்துக்கு அடியில உருட்டுங்க.”

“இன்னும் ரெண்டு வாரத்துல தப்கே ஆடணும். நான்தான் தலை.”

அவள் யோசித்தாள். “வலி முழுசா போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். அதுக்கு மாசக்கணக்கா ஆகும். ஆனா ஒரு பாட்டு, ரெண்டு பாட்டு… நான் சொன்னபடி செஞ்சா பார்க்கலாம்.”

அடுப்படிக்கு ஷூ போடுவது எளிது. வீட்டுக்குள் ஷூ என்பதை ஃபிக்ரிய்யாவிடம் யார் சொல்வது? தினமும் இரண்டு தடவை சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, முகம் பார்க்கலாம் போல வைத்திருக்கும் ஓடு பதித்த தரை அது. அதன்மேல் ஷூவோடு நடந்த ஒரே ஆள் மின்சார வாரியத்துக்காரன். அவனுக்கு இன்றைக்கும் அந்த வீட்டுக் காபி கிடைப்பதில்லை.

“ஷூவோட? என் தரையிலயா?” என்றாள்.

“புது ஷூதான். வெளியில போகாத ஷூ.”

ஃபிக்ரிய்யா மெத்தையைக் கையில் வாங்கினாள். பெயர்ச்சீட்டைப் பார்த்தாள். அதை நல்ல ஷூவுக்குள் வைத்தது யார் கை என்று அவளுக்கு நினைவிருந்தது. நேரே சமையலறைக்குப் போய்விட்டாள். மறுநாள் சந்தையிலிருந்து அவளே இரண்டு ஜோடி அகலமான ஷூ வாங்கி வந்தாள், சாம்பல் நிறத்தில், கழுதைக்குப் போடலாம் போல. ஒரு ஜோடியின் கயிற்றில் சிவப்பு நூல் கட்டினாள்.

“இது வீட்டுக்குள்ள. இந்தச் சிவப்பு நூல் வாசலைத் தாண்டினா, நூல் ஷூவுல இருக்காது, உங்க கழுத்துல இருக்கும்.”

அன்று முதல் அந்த வீட்டில் ஒரு புது வேலை. காலையில் ஃபிக்ரிய்யா வீட்டு ஷூவிலிருந்து மெத்தையை உருவிப் பின்கட்டு வாசலில் இருக்கும் அடுப்படி ஷூவுக்குள் வைப்பாள். மாலையில் மாவைத் தட்டி, துணியால் துடைத்து, மறுபடி வீட்டு ஷூவுக்குள். “பேரன் வர்றதுக்கு முன்னாடி துணி மாத்திப் பழகுறேன்” என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

அடுப்படியில் பகீத் வரவேற்றார். “மாஸ்டர், மாப்பிள்ளை குஸையா, நீங்களா? ஷூவெல்லாம் பலமா இருக்கே!”

“ரொட்டியைப் பாருய்யா.”

“ரொட்டி எங்கயும் ஓடாது. நீங்க ஓடிடுவீங்க போல இருக்கே!”

முதல் மூன்று நாள் கெண்டைக்கால் புதிதாக வலித்தது. மெத்தையைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடலாமா என்று இருந்தது. நாலாம் நாள் மாலை கடை மூடும்போது இடுப்பைப் பிடிக்க மறந்துபோனது. காலையில் ‘யா ரப்’ ஆறாயிற்று, பிறகு நாலு. கல்யாணத்துக்கு முந்தைய புதன்கிழமை ஃபிக்ரிய்யா கண்விழித்து, காது கொடுத்து, ஒன்றும் கேட்காமல் பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தாள்.

“அபூ குஸை! குஸை அப்பா! உயிரோட இருக்கீங்களா?”

“பல் விளக்கிட்டு இருக்கேன்!” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

கல்யாண நாள். பெரிய அறை திறந்தது, சோபாக்கள் போர்வையை உதறின, முற்றத்தில் பந்தல். ஆட்டுக்கறியும் தயிர்க்குழம்புமாக மன்சஃப் தாம்பாளங்கள் வந்தபடி இருந்தன. தியாப் புதுக் கோட்டும், கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டுமாக நின்றார். காலில் என்ன? பளபளவென்று கறுப்பு ஷூ. மெத்தையை அதற்குள் வைத்துப் பார்த்தார், அகல ஷூவுக்குப் பழகிய விரல் மடங்கியது. எடுத்து, சிவப்பு நூல் ஷூவுக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டார். மகன் கல்யாணத்துக்கு ஊரே வரும்போது கழுதை ஷூவா? ஒரு நாள்தானே. பழக்கம் லேசில் போகுமா?

மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்ததிலிருந்து பந்தல் வாசலில் நின்று கன்னத்தோடு கன்னம் வைத்து முந்நூறு பேரை வரவேற்றார். அஸர் ஆகும்போது குதிகாலில் பழைய ஆணி திரும்பி வந்துவிட்டது.

குழல் ஊதியது. வரிசை கைகோத்தது. குஸை அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து தலையில் நிறுத்தினான். தியாப் தஸ்பீஹைச் சுழற்றி, காலைத் தூக்கி, முதல் அறை அறைந்தார். கண்ணில் பூச்சி பறந்தது. அடுத்த அடி அரைக்கணம் பிந்தியது. பின்னால் முப்பது கால்கள் ஒன்றின்மேல் ஒன்று இடறின. குழல்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார்.

முத்லக் பக்கத்தில் வந்து நின்றான். இந்தத் தடவை அவன் கேலி பேசவில்லை. அதுதான் தியாபுக்கு அதிகமாக வலித்தது. “உட்காரு அபூ குஸை. நான் பார்த்துக்கிறேன்” என்றான். தேன்நிற மாலை அவன் கையில் சுழன்றது. தியாப் பந்தல் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கை தட்டத் தூக்கினார். தட்ட வரவில்லை.

மாடியில் பெண்களோடு நின்ற ஃபிக்ரிய்யா எல்லாவற்றையும் பார்த்தாள். கறுப்பு ஷூவையும் பார்த்தாள்.

கீழே இறங்கினாள் என்று சொன்னால் போதாது. குலவையிட்டுக்கொண்டிருந்த நாத்தனாரை இடித்துத் தள்ளிவிட்டு இறங்கினாள். சிவப்பு நூல் ஷூவிலிருந்து மெத்தையை உருவினாள், பின்கட்டில் கிடந்த அடுப்படி ஷூவுக்குள் சொருகினாள். இரண்டு வாரப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். பந்தலுக்குக் குறுக்கு வழி பெரிய அறை வழியாகத்தான். ஷூவைக் கையில் தொங்கவிட்டபடி நல்ல கம்பளத்தின் மேல் நடந்தாள். மாவு வழிநெடுக உதிர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் ஷூவைத் தியாபின் காலடியில் பொத்தென்று போட்டாள்.

“ரொட்டி கருகுது. எழுந்திரிங்க.”

தியாப் அவளைப் பார்த்தார். குனிந்து கறுப்பு ஷூவைக் கழற்றினார். சாம்பல் ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். வளைவுக்குக் கீழே அந்த மேடு வந்து தாங்கியபோது, வெகுதூரம் போய்விட்டு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

முத்லக் வரிசையின் தலையில் நின்றபடியே பார்த்தான். “கோட்டுக்குக் கீழ என்னடா இது? கல்யாணத்துக்கு வந்தியா, மாவு பிசைய வந்தியா?”

“ரெண்டுக்கும்தான். தள்ளிக்கோ.”

முத்லக் ஒரு கணம் நின்றான். பிறகு தேன்நிற மாலையை அவர் கையில் திணித்துவிட்டு இரண்டாவது இடத்துக்கு நகர்ந்தான். குஸை மூன்றாவதாக வந்து கோத்துக்கொண்டான். தியாப் குழல்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். காலைத் தூக்கினார். ஊர் மூச்சைப் பிடித்தது. அறைந்தார்.

ஷூவிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும்பியது. மாவு! மறுபடி அறைந்தார், மறுபடி ஒரு மேகம். முந்நூறு பேரும் ஓவென்று கத்தினார்கள். “மாஸ்டர், உப்பு போட மறந்துடாதீங்க!” என்று பகீத் பந்தலின் கோடியிலிருந்து அலறினார். மாடியில் குலவை காதைப் பிளந்தது. குதிகால் முணுமுணுத்தது, ஆனால் பேச்சைக் கேட்டது. முதல் பாட்டு முடியும்போது தியாபின் கால்சட்டை முட்டி வரை வெளுத்திருந்தது. முத்லக்கின் புதுக் கறுப்பு அங்கியும்தான்.

இரண்டாவது பாட்டும் ஆடினார். மூன்றாவதின் நடுவில் தானே நிறுத்தி, மாலையை முத்லக்கின் கையில் வைத்தார். “இப்போ உன் முறைடா. உன் மகன்னு சொன்னியே.” முத்லக்கின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இருபது வருஷத்துக் கடனை இருபது நிமிஷத்தில் ஆடித் தீர்த்தான்.

மறுநாள் காலை ‘யா ரப்’ மூன்று. “நேத்து ஆடினதுக்கு வட்டி” என்றாள் ஃபிக்ரிய்யா. பெரிய அறைக் கம்பளத்தை அவள் உதறிப் போட்டாள். சோபாவுக்கு மட்டும் போர்வை திரும்பி வரவில்லை. ‘துவைக்கப் போட்டிருக்கேன்’ என்றாள். சாயங்காலம் தியாப் அதில் உட்கார்ந்துதான் உறைந்த பாட்டிலை உருட்டினார். காபி தங்க விளிம்புக் கிண்ணத்தில் வந்தது.

பத்து நாள் கழித்து முத்லக் லேசாக நொண்டிக்கொண்டு கடைக்கு வந்தான். ரொட்டியை வாங்கிவிட்டும் போகாமல் நின்றான்.

“அந்த இர்பிதுப் பொண்ணு… எங்க இருக்கான்னு சொன்னே?”

தியாப் இடத்தைச் சொன்னார். பேரைச் சொன்னார். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளைப் பிடித்தார். “ஒண்ணு மட்டும் மறந்துடாத. மெத்தை வந்ததும் நீ டயர் மாட்டும்போது போடுற ஷூவுக்குள்ள போடணும். புரியுதா? கடை ஷூவுக்குள்ள.”

முத்லக் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“உனக்குப் பைத்தியமா? அவ்வளவு நல்ல பொருளைக் கொண்டுபோய் டயர்க் கரியில போடுவாங்களா?”

பகீத் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். தியாப் அடுப்புச் சுவரில் கையை ஊன்றி, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அன்றைக்கு இன்னும் நாலு ரொட்டி கருகிப்போயிற்று.